அலையோரம் ஓர் இடம்

வீட்டைக் காரின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு கலிபோர்னியாவின் கடலோரம் முழுவதும் சுற்றி வரலாம். ராத்திரி அதை நிறுத்த இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. சாமானியருக்கும் கட்டுப்படியாகும் அந்த இடத்துக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது.

கலிபோர்னியாவில் காலை மணி 8. கோடைக்காலமாக இருந்தால் அப்போது இந்தியாவில் இரவு 8.30. தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு அந்த நேரத்தில் அங்கே நடப்பதை விளக்கவே வேண்டாம். மாநிலப் பூங்காத் துறையின் முன்பதிவுத் தளம் சரியாக 8 மணிக்கு இன்னும் ஒரு நாளுக்கான கதவைத் திறக்கிறது. அது ஆறு மாதம் கழித்து வரப்போகும் நாள். பிரபலமான கடற்கரை முகாம் என்றால், அதுவும் கோடை விடுமுறையின் வெள்ளி, சனி என்றால், சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

இத்தனை போட்டி எதற்காக? நட்சத்திர ஓட்டல் அறைக்காக அல்ல. ஒரு வண்டி நிற்கிற அளவு தரை, ஒரு மேஜை, நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தரைக்கு எதிரே பசிபிக் பெருங்கடல் இருக்கிறது.

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்கு நடுவே ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது நடுத்தர வர்க்கத்தின் விடுமுறைச் சமாசாரம். டிராவல் டிரெய்லர் எனப்படும் இந்த வண்டிக்கு எஞ்சின் கிடையாது. கட்டில், அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே இருக்கும். காரோ, பிக்அப் டிரக்கோ இழுத்துச் செல்ல வேண்டும். வால்லி பையம் என்பவர் லாஸ் ஏஞ்சலீஸில் 1930களில் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பளபளக்கும் அலுமினிய டிரெய்லர்கள் இன்றும் சாலைகளில் ஓடுகின்றன. ஓடுவதற்குச் சாலை தாராளமாக இருக்கிறது. நிற்பதற்குத்தான் இடம் வேண்டும்.

யாருடைய கடற்கரை?

கலிபோர்னியாவின் கடற்கரை சுமார் 1,100 மைல் நீளம். அதில் 340 மைலுக்கு மேல் மாநிலப் பூங்காத் துறையின் வசம் இருக்கிறது. மாநிலம் முழுவதும் அத்துறை நடத்தும் முகாம் இடங்கள் ஏறத்தாழ 15,000. உலகின் விலை உயர்ந்த நிலங்களில் சில இந்தக் கரையில்தான் இருக்கின்றன. மாலிபுவில் கடலைப் பார்த்த வீடு வாங்க ஹாலிவுட் நட்சத்திரமாக இருக்க வேண்டும். அதே மாலிபுவில் லியோ கரீயோ மாநிலப் பூங்காவில் டிரெய்லருடன் இரவு தங்க, கடலோர விடுதிகள் வாங்கும் வாடகையில் ஒரு சிறு பகுதி போதும்.

இது தானாக நடந்துவிடவில்லை. 1960களில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சீ ராஞ்ச் என்ற குடியிருப்புத் திட்டம் சுமார் 10 மைல் கடற்கரையை வளைத்தது. பொதுமக்கள் கடலுக்குப் போக வழி இல்லை. எதிர்ப்பு கிளம்பியது. சட்டமன்றத்தில் மசோதாக்கள் மீண்டும் மீண்டும் தோற்றன. கடைசியில் விஷயம் மக்களிடமே போயிற்று. மாநில செனட்டின் தலைவராக இருந்த ஜேம்ஸ் மில்ஸ், ஆதரவு திரட்ட சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் டியேகோ வரை சைக்கிளில் போனார். 1972 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 55 சதவீதத்தினர் ஆதரவளிக்க, 20ஆம் எண் முன்மொழிவு நிறைவேறியது. கடலோர ஆணையம் பிறந்தது. 1976இல் கடலோரச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. குறைந்த செலவில் வருகிறவர்களுக்கான வசதிகளைப் பாதுகாக்க வேண்டும், ஊக்குவிக்க வேண்டும், முடிந்த இடங்களில் புதிதாக ஏற்படுத்தவும் வேண்டும் என்கிறது அது. கடலோரத்தில் சொகுசு விடுதி கட்ட அனுமதி கேட்டு வருகிறவர்களிடம், குறைந்த கட்டணத் தங்குமிடங்களுக்காக ஆணையம் தனியே பணம் வசூலிப்பதும் உண்டு. டிரெய்லர் முகாம் இந்தக் கணக்கில் பொழுதுபோக்கு மட்டுமல்ல. பணக்காரரின் ஜன்னலுக்கு முன்னால் சாமானியர் ஓர் இரவு தங்கும் உரிமை.

கோஸ்லாவின் கதவு

இந்த உரிமைக்கு வந்த பெரிய சோதனைகளில் ஒன்றின் நாயகர் இந்தியாவில் பிறந்தவர். புனேயில் பிறந்து, டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்து, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வினோத் கோஸ்லா, 2008இல் ஹாஃப் மூன் பே ஊருக்குத் தெற்கே மார்ட்டின்ஸ் பீச்சை ஒட்டிய நிலத்தை 3.25 கோடி டாலருக்கு வாங்கினார். முந்தைய உரிமையாளர்கள் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களைக் கடலுக்குப் போக விட்டவர்கள். புதிய உரிமையாளர் காலத்தில் சாலையின் கதவு மூடப்பட்டது.

அலை நனைக்கும் மணல் கலிபோர்னியாவில் பொதுச் சொத்து. அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் அங்கே போகிற ஒரே சாலை தனியார் நிலத்தில் இருந்தால்? அலைச்சறுக்கு ஆர்வலர்களின் அமைப்பான சர்ஃப்ரைடர் நீதிமன்றம் போயிற்று. ஆணையத்தின் அனுமதி பெறாமல் கதவை மூடியது தவறு என்று 2014இல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டிலும் அதே முடிவு. தன் நிலத்தில் தனக்கு உரிமை இல்லையா என்பது கோஸ்லா தரப்பின் வாதம். 2018 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க மறுத்துவிட்டது. 2020இல் மாநில அமைப்புகளே தனியாக ஒரு வழக்குத் தொடுத்தன.

ஆணையத்தின் இயக்குநராக 1985 முதல் 2011 வரை இருந்த பீட்டர் டக்ளஸ், கடற்கரை ஒருபோதும் காப்பாற்றப்பட்டு முடிவதில்லை, காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்வது வழக்கம். 1972இன் முன்மொழிவை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

தெற்கிலிருந்து வடக்கே

சரி, இடம் எங்கே கிடைக்கும்? மெக்சிகோ எல்லைப் பக்கமிருந்து தொடங்கலாம். சான் டியேகோ அருகே சில்வர் ஸ்ட்ராண்ட் கடற்கரையில் கூடாரத்துக்கு அனுமதி இல்லை. தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் சொந்தமாக உள்ள வண்டிகள் மட்டுமே நிற்கலாம். கொஞ்சம் வடக்கே சான் எலிஹோ, தெற்கு கார்ல்ஸ்பாட் என்ற இரண்டு முகாம்கள் கடலை நோக்கிய மண் மேடுகளின் மீது இருக்கின்றன. படுக்கையிலிருந்தே அலையைப் பார்க்கலாம் என்பதால், 8 மணிப் போட்டி இங்கே மிகக் கடுமை. டானா பாயின்ட்டில் உள்ள டோஹனி, எண்ணெய் வியாபாரி எட்வர்ட் டோஹனி 1931இல் கொடுத்த நிலம். மாநிலத்தின் முதல் மாநிலக் கடற்கரை அதுதான்.

வெஞ்சுரா மாவட்டத்தின் ரின்கன் பார்க்வே விசித்திரமானது. முகாம் என்று தனி வளாகமே இல்லை. பழைய கடலோரச் சாலையின் ஓரத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் பாறைத் தடுப்பு, அதற்குக் கீழே கடல். நிழல் கிடையாது. ஆனாலும் வருகிறவர்கள் குறையவில்லை. சற்றுத் தள்ளி கார்ப்பின்டீரியா முகாமிலிருந்து கடைத்தெருவுக்கு நடந்தே போய்விடலாம்.

பிஸ்மோ கடற்கரை குளிர்காலத்தில் மோனார்க் வண்ணத்துப் பூச்சிகளுக்குப் பேர்போனது. பக்கத்தில் உள்ள ஓஷியானோ மணல் மேடுகள், மாநிலப் பூங்காக்களில் கடற்கரை மணலிலேயே வண்டியை ஓட்டிப்போக அனுமதிக்கும் ஒரே இடம். மணலில் புதைந்த டிரெய்லரை இழுத்துவிடுவதையே அங்கே சிலர் தொழிலாக வைத்திருக்கிறார்கள். இன்னும் வடக்கே சான் சிமியோனில் தங்கினால், பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட்டின் மாளிகையையும் பியேட்ராஸ் பிளான்காஸ் கரையில் கிடக்கும் யானை சீல்களையும் பார்க்கலாம்.

அதற்கு அப்பால் பிக் சர். மலை நேராகக் கடலில் இறங்கும் பகுதி. இங்கே கிர்க் கிரீக் முகாம் மத்திய அரசின் வனத்துறைக்குச் சொந்தமானது. குடிநீர் இல்லை, மின்சாரம் இல்லை. கீழே கடல் மட்டும் இருக்கிறது. கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். சான் பிரான்சிஸ்கோவைத் தாண்டினால் கூட்டம் குறையும், குளிர் கூடும். போடேகா டியூன்ஸ், ஃபோர்ட் பிராக் அருகே மக்கெரிச்சர் ஆகியவை மரங்களும் மணல் மேடுகளும் சேர்ந்த முகாம்கள்.

நீளம் முக்கியம்

இடம் தேடுவோர் முதலில் அளக்க வேண்டியது தங்கள் வண்டியை. பழைய முகாம்கள் பலவும் சிறிய வண்டிகள் காலத்தில் அமைக்கப்பட்டவை. ஒவ்வொரு இடத்துக்கும் டிரெய்லரின் அதிகபட்ச நீளம் குறிக்கப்பட்டிருக்கும். 30 அடி வண்டியை வைத்துக்கொண்டு 24 அடி இடத்தைப் பிடித்தால் பணம்தான் நஷ்டம். சின்ன டிரெய்லர்காரருக்குத் தேர்வு அதிகம்.

அடுத்தது இணைப்பு வசதி. தண்ணீர், மின்சாரம், சாக்கடை மூன்றும் உள்ள இடத்துக்குக் கட்டணம் அதிகம். கடலோர மாநில முகாம்களில் இது எல்லா இடத்திலும் கிடையாது. எதுவும் இல்லாத இடம் என்றால் நல்ல தண்ணீரை நிரப்பிக்கொண்டு போக வேண்டும். கழிவுத் தொட்டியை அதற்கென உள்ள நிலையத்தில்தான் காலி செய்ய வேண்டும். ஜெனரேட்டரை மாநிலப் பூங்காக்களில் காலை 10 முதல் இரவு 8 மணி வரைதான் ஓட்டலாம்.

சாலை விதிகளும் உண்டு. டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு கலிபோர்னியாவில் உச்ச வேகம் மணிக்கு 55 மைல். இருவழிச் சாலையில் மெதுவாகப் போகும்போது பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால், ஒதுங்க இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஓடும் டிரெய்லருக்குள் ஆள் உட்காரக் கூடாது. இடம் கிடைக்காவிட்டால் சாலை ஓரத்திலேயே படுத்துவிடலாம் என்று நினைக்கவும் வேண்டாம். பிக் சர் பகுதியில் அதற்கு அபராதம்.

முன்பதிவில் தோற்றவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆறு மாதம் முன்பு ஆசையாகப் பிடித்தவர்களில் பலர் கடைசி வாரங்களில் ரத்து செய்கிறார்கள். முன்பெல்லாம் பதிவு செய்துவிட்டு வராமலே இருப்பவர்களால் 'இடமில்லை' என்று அறிவித்த முகாமில் காலி இடங்கள் கிடந்தன. 2023இல் நிறைவேறிய மாநிலச் சட்டம் இதைச் சரிசெய்யப் பார்க்கிறது. தாமதமாக ரத்து செய்தால் பணம் போகும். சில பிரபல முகாம்களுக்குக் குலுக்கல் முறையை வைத்துக்கொள்ளவும் அது அனுமதிக்கிறது. மாவட்ட நிர்வாகங்கள் நடத்தும் முகாம்களுக்குத் தனி முன்பதிவு என்பதால் அவற்றையும் பார்க்க வேண்டும். லாம்போக் ஊரின் பக்கம் நெடுஞ்சாலையிலிருந்து 14 மைல் உள்ளே இருக்கும் ஹலாமா அப்படிப்பட்டது.

காலமும் முக்கியம். கூட்டம் அலைமோதும் ஜூனில் கடலோரம் பெரும்பாலும் பனிமூட்டத்தில் கிடக்கும். பள்ளி திறந்த பிறகு, செப்டம்பர், அக்டோபரில்தான் வானம் தெளிகிறது. வார நாட்களில் அப்போது இடமும் எளிதாகக் கிடைக்கும். சிலிக்கான் பள்ளத்தாக்கில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் தமிழ்ப் பெற்றோருக்கு இது தோதான பருவம்.

கடல் கேட்கும் வாடகை

சட்டத்தால் தடுக்க முடியாத எதிரி ஒன்று இருக்கிறது. 2017 மே மாதம் பிக் சர் அருகே மட் கிரீக்கில் மலை சரிந்து முதலாம் எண் நெடுஞ்சாலையை மூடியது. சாலை மீண்டும் திறக்க 14 மாதங்கள் ஆயின. 2021, 2023, 2024ஆம் ஆண்டுகளிலும் அந்தப் பகுதியில் சாலை உடைந்தது. 2018 நவம்பரில் வுல்சி காட்டுத்தீ லியோ கரீயோ பூங்காவை எரித்தது. 2023 ஜனவரியில் வந்த புயல்கள் சான்ட்டா குரூஸ் அருகே சீக்ளிஃப் கடற்கரையில் அலைக்கு மிக அருகே இருந்த டிரெய்லர் முகாமைச் சிதைத்தன. அங்கிருந்த பழைய மரப் பாலமும் அகற்றப்பட்டது. கார்ல்ஸ்பாட்டில் முகாம் நிற்கும் மண் மேடே அரிக்கப்பட்டு வருகிறது.

அழிந்த முகாமை அதே இடத்தில் மீண்டும் கட்டுவதா? அடுத்த புயல் கொண்டுபோய்விடும். பின்னுக்குத் தள்ளி அமைப்பதா? பின்னால் இருப்பது பெரும்பாலும் சாலை, ரயில் பாதை அல்லது யாரோ ஒருவரின் கோடி டாலர் வீடு. கரை சுருங்கச் சுருங்க முதலில் காணாமல் போவது அலையை ஒட்டிய அந்த மலிவான வரிசைதான்.

இந்தியாவிலும் இந்தக் கேள்வி தூரத்தில் இல்லை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991இல் வந்தது. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அதன் முதல் கேரவன் பூங்கா மலைமீது, வாகமண்ணில் அமைந்தது. கேரவன்கள் கடலோரத்துக்கும் வரும்போது, அலைக்கு எதிரே உள்ள முதல் வரிசையை யாருக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்தாக வேண்டும். கலிபோர்னியா மக்கள் அதை வாக்குப் போட்டு முடிவு செய்தார்கள். இன்னும் ஒவ்வொரு நாளும் காலை 8 மணிக்கு அதன் பலனுக்காக அடித்துக்கொள்கிறார்கள்.