டிவியை அணைத்தால் ஸ்பீக்கரும் அணையும்

இரவில் டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டு, விளக்கையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரிலும் டிவிடி பிளேயரிலும் சிவப்புப் புள்ளிகள் மினுங்கும். நாம் தூங்கினாலும் அவை தூங்குவதில்லை. எல்லாம் சேர்ந்து 10 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 20 மணி நேரம் என்றால், ஆண்டுக்கு 73 யூனிட். யாருக்கும் பயன்படாத மின்சாரத்துக்கு நாம் கட்டும் பணம் அது.

இந்த விரயத்தைக் கருவிக்கு 1 வாட்டுக்குள் அடக்க வேண்டும் என்று அனைத்துலக எரிசக்தி முகமை 1999இல் வலியுறுத்தியது. புதிய கருவிகள் பெரும்பாலும் திருந்திவிட்டன. ஆனால் தாசேக் கெலுகோர் போன்ற ஊர்களின் வரிசை வீடுகளில், பத்து ஆண்டுக்கு முன் வாங்கிய ஸ்பீக்கர் இன்னும் பாடிக்கொண்டுதானே இருக்கிறது!

இதற்கென்றே ஒரு வகை எக்ஸ்டென்ஷன் உண்டு. அதில் ஒரு துளை முதன்மைக் கருவிக்கு. மற்றவை துணைக் கருவிகளுக்கு. முதன்மைத் துளையில் ஓடும் மின்னோட்டத்தை உள்ளே ஒரு சுருள் கவனிக்கும். டிவி போட்டதும் மின்னோட்டம் உயரும், ரிலே மூடிக்கொள்ளும், ஸ்பீக்கருக்கு மின்சாரம் போகும். டிவி அணைந்தால் எல்லாம் அணையும். எந்த அளவில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் திருகி அமைக்கும் வசதியும் சிலவற்றில் இருக்கிறது.

எதை எங்கே செருகுவது என்பதில்தான் சூட்சுமம். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் டிகோடர், இணைய ரவுட்டர் இரண்டையும் துணைத் துளையில் செருகாதீர்கள். இங்க்ஜெட் பிரிண்டரும் வேண்டாம். அச்சிடும் பாதியில் மின்சாரம் நின்றால் மை முனை மூடப்படாமல் காய்ந்துவிடும். மடிக்கணினி முதன்மைக் கருவியாகச் சரிப்படாது. பேட்டரி நிரம்பியதும் அது இழுக்கும் மின்சாரம் குறைந்துவிடும்.

வீட்டில் வசதியாக இருக்கும் இந்த ஏற்பாடு மரப்பட்டறையில் உடல்நலத்தையே காக்கிறது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என 1995இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. ரம்பத்தைப் போட்டதும் தூசு உறிஞ்சியும் தானாக ஓடினால், 'அவசரத்தில் மறந்துவிட்டேன்' என்ற பேச்சுக்கே இடமில்லை. நல்ல கருவிகளில் உறிஞ்சி ஓரிரு விநாடி தாமதித்துத்தான் கிளம்பும். இரண்டு மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பி பிரேக்கரைத் தட்டிவிடாதிருக்கவே இந்தத் தாமதம். ரம்பம் நின்றபின்னும் உறிஞ்சி சில விநாடி ஓடி, குழாயில் தங்கிய தூளை இழுத்துக்கொள்ளும்.

ஒரு கணக்கை மட்டும் மறக்கக்கூடாது. நம் 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 3,000 வாட். 1,800 வாட் ரம்பமும் 1,400 வாட் உறிஞ்சியும் சேர்ந்தால் 3,200 ஆகிவிடும். அளவு மீறினால் வயர் சூடேறும், தீப்பிடிக்கவும் கூடும். கெத்தல், ஏர்கோன், ஹீட்டர் எதையும் இதில் செருகாதீர்கள்.

கடையில் வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். முத்திரை இல்லாவிட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.