பிள்ளைக்குத் தீராத சிரங்கு: வீட்டில் எல்லோருக்கும் ஒரே இரவில் மருந்து

கடந்த ஜமாதுல் அவ்வல் மாதத்தில் நம் டிரஸ்டின் மருத்துவ உதவிக்கு ஒரு சகோதரி விண்ணப்பம் கொண்டு வந்தார். ஏழு வயது மகனுக்கு நாலு மாதமாக அரிப்பு. வெளியூரில் அலர்ஜி டெஸ்ட் எடுக்கப் பணம் வேண்டும் என்று எழுதியிருந்தார். பையனும் கூட வந்திருந்தான். பேசிக்கொண்டிருந்த கால் மணி நேரத்தில் அவன் கை ஒரு நிமிடம் சும்மா இல்லை. விரல் இடுக்கைச் சொறிவான், பிறகு மணிக்கட்டை, பிறகு சட்டைக்குள் கையை விட்டு இடுப்பை. ராத்திரி பதினொன்றுக்கு மேல் வீட்டில் யாரும் தூங்குவதில்லை என்றார் தாய். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் தள்ளி உட்காருகிறானாம். மக்தபுக்குப் போக மாட்டேன் என்று இவன் அழுகிறானாம்.

அந்த நாலு மாதத்தில் அவர் செய்யாதது இல்லை. மருந்துக்கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டார். ஒரு வாரம் அடங்கியது, பிறகு இரட்டிப்பாக வந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திப் பிள்ளையை மெலிய வைத்தார். ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கினார். சோப்பை மூன்று முறை மாற்றினார். ஐயாயிரத்துக்கு மேல் செலவாகிவிட்டது என்று கணக்குச் சொன்னார்.

டெஸ்டுக்கு முன்பு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள் என்று அனுப்பினோம். டாக்டர் லென்ஸ் வைத்து விரல் இடுக்கைப் பார்த்தார்; இது ஸ்கேபிஸ், அதாவது சிரங்கு என்றார். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா என்று கேட்டதற்கு இவர் இல்லை என்று சொல்லிவிட்டார். அப்படியும் எல்லோரும் பூச வேண்டும் என்று டாக்டர் சொல்லியே அனுப்பினார். சீட்டில் இருந்தது பையன் பெயர் மட்டும். நம் விதிப்படி சீட்டில் பெயர் உள்ளவருக்குத்தான் மருந்துக்குப் பணம். ஒரு டியூபுக்குக் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து அதே பையன், அதே விரல்கள், புதிய கொப்புளங்கள்.

அந்த ஒரு டியூப் நம் தவறு. ஏன் என்று புரிய இந்த நோயின் போக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிரங்கு இரத்தக் கேடு அல்ல, உணவால் வருவதும் அல்ல. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஓர் உண்ணி தோலின் மேலடுக்கில் வளை தோண்டிக் குடியிருக்கிறது. பெண் உண்ணி நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடும். மூன்று நான்கு நாளில் அவை பொரிந்து, இரண்டு வாரத்துக்குள் வளர்ந்து, திரும்ப வளை தோண்டும். உடம்பு முழுக்கச் சொறிகிற பிள்ளையிடம்கூட உயிருள்ள உண்ணி பெரும்பாலும் பத்துப் பதினைந்துதான் இருக்கும். மீதி அரிப்பெல்லாம் அந்த உண்ணியையும் அதன் கழிவையும் நம் தோல் ஏற்றுக்கொள்ளாமல் காட்டும் எதிர்ப்பு. வீட்டில் பலரை ஏமாற்றுவதும் இதுதான். முதன்முறை தொற்றியவருக்கு அந்த எதிர்ப்பு உண்டாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அவருக்கு ஒரு அரிப்பும் இருக்காது; ஆனால் அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். ஆகவே அரிக்கிறவருக்கு மட்டும் மருந்து போட்டால், அரிக்காதவரிடமிருந்து அது திரும்பி வந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்த்து எழுதியவர்களில் முன்னோடி ஒருவர் நம்மவர் என்பதை இங்கே சொல்லலாம். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் இஷ்பீலியாவில் வாழ்ந்த மருத்துவர் இப்னு ஸுஹ்ர், தோலுக்கு அடியில் ஊரும் மிகச் சிறிய உயிரைப் பற்றித் தம் மருத்துவ நூலில் குறித்திருக்கிறார். நாமோ இன்றும் கத்தரிக்காயைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மருந்துக்கடை டியூபைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீட்டு இல்லாமல் அரிப்புக்கு என்று கேட்டு வாங்கும் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது அரிப்பை அடக்கும், உண்ணியைக் கொல்லாது. அரிப்பு அடங்கிய தைரியத்தில் உண்ணி பெருகும். டாக்டருக்கும் அடையாளம் மாறிப்போகும். ஸ்டீராய்டே கெட்டது என்று நாம் சொல்லவில்லை. வேறு தோல் நோய்களுக்கு அதுவே மருந்து. என்ன நோய் என்று தெரியாமல் போடுவதுதான் கெடுதல்.

திரும்பி வந்த அன்று அந்தச் சகோதரியிடம் பொறுமையாகக் கேட்டோம். வீட்டில் மொத்தம் ஒன்பது பேர். உண்மையில் இவருக்கே இடுப்பில் அரிப்பு இருந்தது. வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். மாமியார் ராத்திரியில் முழங்கையைச் சொறிவதைப் பார்த்திருக்கிறார். சர்க்கரையால் வரும் அரிப்பு என்று விட்டுவிட்டார். கொழுந்தியாவுக்கும் இருக்குமோ என்று சந்தேகம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க அடுத்த வாரம் வருகிறார்கள்.

“மாமிகிட்ட இதை எப்படிண்ணே சொல்றது? உன் புள்ளையாலதான் வீட்டுக்கே சிரங்கு வந்துச்சுன்னு ஆயிடுமே” என்றார்.

இந்த வெட்கம்தான் அந்த வீட்டில் நாலு மாதம் நோயை வளர்த்தது. சிரங்கு என்றால் அழுக்கான வீடு என்று நம் மனதில் பதிந்துவிட்டது. தினம் இருமுறை குளிப்பவருக்கும் இது வரும். நெருக்கமாகப் படுத்துறங்கும் வீட்டில் வரும். பாசமாகப் பிள்ளையை அணைத்துப் படுக்கும் பாட்டிக்கு வரும். விடுதிகளில் வரும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. உலகில் எந்த நேரத்திலும் சுமார் 20 கோடிப் பேருக்கு இது இருப்பதாக அந்த நிறுவனத்தின் மதிப்பீடு.

டிரஸ்டின் பொறுப்பாளர் ஒருவரின் மனைவி அந்த வீட்டுக்குப் போய் மாமியாரிடம் பேசினார். பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மா தம் கையைத் தாமே நீட்டிக் காட்டினார். “எங்க காலத்துல கந்தகத்தை எண்ணெயில குழைச்சு வீட்டுல எல்லாருக்கும் ஒரே நாள்ல பூசிவிடுவாங்க. ஒருத்தருக்குப் பூசினா போகாதுன்னு எங்கம்மாவுக்குத் தெரியும். இவ என்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தா நாலு மாசம் ஆகியிருக்குமா?” என்றாராம். கந்தகக் களிம்பு இன்றும் கைக்குழந்தைகளுக்கு டாக்டர்கள் எழுதும் மருந்துதான்.

எங்கிருந்து வந்தது என்பதும் அன்றே தெரிந்தது. மூத்த பையன் வெளியூர் மத்ரஸா விடுதியில் ஓதுகிறான். ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு வந்தவன் தம்பியோடு ஒரே பாயில் பத்து நாள் படுத்தான். தம்பிக்கு அரிப்பு தொடங்கியது ஒரு மாதம் கழித்து. அதனால் யாரும் இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை. விடுதிக்குப் போன் செய்து விசாரித்தபோது அங்கேயும் பல பிள்ளைகளுக்கு இருந்தது. உஸ்தாத் மறைக்காமல் சொன்னார். டாக்டரை வரவழைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுக்கவும் செய்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக.

நோய் தொற்றாது என்று ஹதீஸில் இருக்கிறதே, இதற்கு ஏன் இத்தனை அமளி என்று ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்த ஹதீஸ் வரும் இடத்திலேயே, மான்போல் துள்ளித் திரிந்த ஒட்டகங்களிடையே சிரங்கு பிடித்த ஒட்டகம் ஒன்று நுழைந்ததும் எல்லாவற்றுக்கும் வந்துவிடுகிறதே என்று ஒரு கிராமவாசி கேட்கிறார். முதல் ஒட்டகத்துக்குத் தொற்ற வைத்தது யார் என்று நபி (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அதே நபிதான் நோயுள்ள ஒட்டகத்தை ஆரோக்கியமானவற்றோடு கொண்டு சேர்க்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இவை பதிவாகியுள்ளன. அல்லாஹ்வின் நாட்டமின்றி எந்த நோயும் தானாகத் தொற்றுவதில்லை, ஆனால் எச்சரிக்கை நம் கடமை என்றே உலமாக்கள் இவற்றைச் சேர்த்து விளக்கியிருக்கிறார்கள். பேசப்பட்ட நோயே சிரங்குதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெறும் அரிப்புதானே என்று எண்ணுகிறவர்களுக்கு இன்னொன்று. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இருவருக்கும் அரிப்பு இருந்தது என்பதற்காக, ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட பட்டாடையை அணிய நபியவர்கள் அனுமதி தந்தார்கள். அந்த வேதனையை அவர்கள் சிறிதாக எண்ணவில்லை. நாமும் எண்ணக்கூடாது. சொறிந்த புண்ணில் சீழ் பிடித்துக் காய்ச்சல் வரலாம். சில பிள்ளைகளுக்கு அந்தப் புண்ணில் சேரும் கிருமியால் சிறுநீரகமே பாதிக்கப்படும். சிரங்குள்ள பிள்ளைக்கு முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

மருந்து பூசுவதற்கு வருவோம். பெரும்பாலும் டாக்டர்கள் எழுதுவது பெர்மெத்ரின் 5 சதவீதக் கிரீம். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தோலில் இருக்க வேண்டும். நமக்கு இதற்கு வசதியான நேரம் இஷாவுக்கும் சுபுஹுக்கும் இடையில்தான். இஷா தொழுதுவிட்டு, உடம்பு ஈரமில்லாமல் இருக்கும்போது, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூச வேண்டும். அரிக்கும் இடத்தில் மட்டும் அல்ல. விரல் இடுக்கு, நகத்தடி, அக்குள், தொப்புள், மறைவிடம், பிட்டம், பாதம் எதுவும் விடக்கூடாது. நகத்தை அன்று காலையிலேயே வெட்டிவிடுங்கள். சிறு குழந்தைகளுக்குக் கண்ணும் வாயும் தவிரத் தலையிலும் காதுக்குப் பின்னாலும் பூச வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் பூசாதீர்கள். இடையில் தஹஜ்ஜுதுக்கு எழுந்து ஒளு செய்தால் கையிலும் காலிலும் மருந்து போய்விடும். அங்கே மட்டும் திரும்பப் பூசிக்கொள்ளுங்கள். பிள்ளை சோறு தின்று கை கழுவினாலும் அப்படியே. சுபுஹுக்கு எழுந்து குளித்துவிடலாம்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு முறைக்கு 30 கிராம் அளவு ஆகும். ஒரு வாரம் கழித்து எல்லோரும் இன்னொரு முறை பூச வேண்டும், முதல் தடவை தப்பிய முட்டைகள் பொரிந்திருக்கும் என்பதால். வீட்டில் ஒருவர் இன்று, ஒருவர் நாளை என்று பூசினால் பயனில்லை. ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அதைக் கொடுப்பதில்லை. அந்த வீட்டில் இளைய மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவரிடம் விசாரித்துத்தான் டாக்டர் மருந்தை எழுதினார். ஆகவே மாத்திரையை அடுத்தவர் சீட்டைப் பார்த்து வாங்காதீர்கள்.

பூசிய மறுநாள் காலை, முந்தைய மூன்று நாளில் உடுத்திய துணி, படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். துவைக்க முடியாத கம்பளியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். உடம்பை விட்ட உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பொதுவாக உயிரோடு இராது. வீட்டையே கழுவித் தள்ள வேண்டியதில்லை. முஸாஃபஹா செய்வதாலோ ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பதாலோ இது எளிதில் தொற்றாது. நெடுநேரம் தோலோடு தோல் பட வேண்டும். சிரங்குள்ள பிள்ளையைப் பள்ளிவாசலில் பின்னுக்குத் தள்ளாதீர்கள்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் என்பதன் பலனை ஃபிஜித் தீவுகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2015இல் வெளியான ஆய்வு அது. ஒரு பகுதியில் நோய் உள்ளவர் இல்லாதவர் எல்லோருக்கும் ஐவர்மெக்டின் கொடுத்தார்கள். 100க்கு 32 பேருக்கு இருந்த சிரங்கு ஓர் ஆண்டில் 2 பேருக்குக் குறைந்தது. நோயாளிக்கும் அவரோடு நெருங்கிப் பழகியவருக்கும் மட்டும் கிரீம் கொடுத்த பகுதியில் ஏறக்குறையப் பாதிதான் குறைந்தது.

நம் சகோதரியின் வீட்டில் ஒரு வியாழன் இரவு ஒன்பது பேரும் பூசினார்கள். பத்தாவது ஆள் விடுதியில் பூசினான். பத்தாம் நாள் அந்தச் சகோதரி அழுதுகொண்டே போன் செய்தார்: இன்னும் அரிக்கிறது, மருந்து வேலை செய்யவில்லை. பலர் வழிதவறும் இடம் இது. உண்ணி செத்த பிறகும் அதன் மிச்சம் தோலில் இருக்கும்வரை இரண்டு முதல் நாலு வாரம் அரிப்பு நீடிக்கும். நாள் போகப் போகக் குறைகிறதா, புதுக் கொப்புளம் வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பயந்துபோய் மூன்றாம் முறை, நாலாம் முறை பூசினால் தோல் எரிந்து அதுவே அரிக்கும். அரிப்புக்கு வேறு மாத்திரை டாக்டர் தருவார். நாலு வாரத்துக்குப் பின்னும் குறையாவிட்டால் திரும்பக் காட்ட வேண்டும். தண்ணீர் ஓதிக் கொடுப்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மருந்தோடு அதுவும் நடக்கட்டும்.

அல்ஹம்துலில்லாஹ், ஆறாவது வாரம் பையன் மக்தபுக்குத் திரும்பினான். கத்தரிக்காயும் முட்டையும் திரும்பத் தட்டுக்கு வந்தன. சம்பந்தம் பேச வந்தவர்களை, விஷயத்தைச் சொல்லாமலே, இரண்டு வாரம் தள்ளி வரச் சொன்னார்களாம். நிச்சயமும் ஆகிவிட்டது.

சிரங்கு மருந்துக்கான நம் விதியைச் செயற்குழு மாற்றியிருக்கிறது. இனி சீட்டில் ஒருவர் பெயர் இருந்தாலும், டாக்டர் சொன்னால் வீட்டில் உள்ள அனைவருக்கும் இரண்டு முறைக்கான மருந்துக்கும் டிரஸ்ட் பணம் தரும். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் இடங்களில் குடும்பத்தோடு போய் எல்லோருக்கும் சீட்டு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காததற்கு நம்மிடம் வாருங்கள். படிவத்தில் அந்த வீட்டில் படுத்துறங்கும் எல்லோருடைய பெயரையும் வயதையும் எழுத வேண்டும். விடுமுறைக்கு வந்துபோன பிள்ளை, ஒரு மாதம் தங்கிப் போன மாமா, பகலில் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் வேலைக்காரப் பெண், கர்ப்பிணி, கைக்குழந்தை யாரும் விடுபட வேண்டாம். விவரங்கள் செயலாளரைத் தவிர வேறு யாருக்கும் போகாது. பெண்கள் பேசுவதற்கு வியாழன் அஸருக்குப் பின் அலுவலகத்தில் ஒரு சகோதரி இருப்பார்.