வலியும் வலிமையும்

'வலி' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. நோவு என்பது ஒன்று; வலிமை என்பது மற்றொன்று. மூட்டை சுமப்போர், கட்டடம் கட்டுவோர், சுரங்கங்களிலும் ஆலைகளிலும் பணிபுரிவோர் ஆகியோர் உடல் வலிமையையே தம் முதலாகக் கொண்டவர்கள். அவர்களுக்கு முதுகிலோ தோளிலோ முழங்காலிலோ அடிபட்டு, அந்நோவு நீங்காமல் நிலைத்துவிடின், உடலோடு உள்ளமும் துன்புறுகின்றது. அத்துன்பத்தை அவர்கள் வெல்லும் வழி யாது என்பதை அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர்.

நோவு இருவகைப்படும். அடிபட்டவுடன் தோன்றிச் சில வாரங்களில் மறைவது ஒருவகை. இது வீட்டைக் காக்கும் நாய் போன்றது. தீங்கு நேர்ந்துள்ளது என்று குரைத்து எச்சரிக்கின்றது. மூன்று திங்களுக்கு மேலும் நீடிப்பது மற்றொரு வகை. இதனை நாட்பட்ட நோவு என்பர். காயம் ஆறிய பின்னும் இது தொடர்வதுண்டு. கள்வன் ஓடிப்போன பின்னும் ஓயாது குரைக்கும் நாயை இதற்கு ஒப்பிடலாம். குரைப்பு பொய்யன்று, ஆயினும், கள்வன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்பதற்கு அது சான்றாகாது.

இவ்வேறுபாட்டை அறியாத தொழிலாளி, குனிந்தால் முதுகு மீண்டும் பழுதுபடுமோ என்று அஞ்சுகிறான். அஞ்சுவதால் அசையாது கிடக்கிறான். அசையாமையால் தசைகள் நலிகின்றன; மூட்டுகள் இறுகுகின்றன. பிறகு சிறிது அசைந்தாலும் நோவு மிகுகின்றது, அச்சமும் வளர்கின்றது. இங்ஙனம் அவன் வாழ்வு செக்குமாடு போல் ஒரே தடத்தில் சுழல்கின்றது. கூலி நின்றுபோவதால் குடும்பக் கவலையும் சேர்கின்றது. புறத்தே காயம் ஒன்றும் தோன்றாமையால், அவன் நடிக்கிறான் என்று பிறர் ஐயுறுவதும் உண்டு. அவ்வையம் நோவினும் கொடியது.

உள்ளத்தின் நிலை உடல் நோவை எவ்வாறு மாற்றும்? 1965ஆம் ஆண்டில் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் அறிஞர் இருவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். நோவைப் பற்றிய செய்தி மூளைக்குச் செல்லும் வழியில், தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடக்கின்றது என்றும், மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகள் அவ்வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் வல்லன என்றும் அவர்கள் கூறினர். அக்கொள்கையின் நுட்பங்கள் பின்னர்த் திருத்தம் பெற்றன. எனினும், அச்சமும் கவலையும் நோவைப் பெருக்கும். தெளிவும் அமைதியும் அதனைத் தணிக்கும் என்னும் உண்மை நிலைபெற்றது.

நோவு மருத்துவத்திற்கு வழிகாட்டியவருள் ஒருவர் ஜான் பொனிக்கா. இத்தாலியத் தீவொன்றில் 1917ஆம் ஆண்டில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவில் குடியேறிய அவர், மருத்துவக் கல்விக்குப் பொருள் தேட மற்போர் புரிந்தார். அத்தொழிலில் பட்ட அடிகள் அவருக்கு வாழ்நாள் முழுதும் நோவைத் தந்தன. நாட்பட்ட நோவை மருத்துவர் ஒருவர் தனித்து வெல்ல இயலாது. பல துறையினரும் கூடி ஆராய வேண்டும் என அவர் உணர்ந்தார். 1953ஆம் ஆண்டில் நோவு மருத்துவம் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பின்னர்ச் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அத்தகைய கூட்டு மருத்துவ நிலையத்தை நிறுவினார்.

அப்பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளநூல் அறிஞர் வில்பர்ட் ஃபோர்டைஸ் எளிய முறையொன்றை வகுத்தார். நோவு மிகும்வரை உழைத்துப் பின் படுத்துக்கொள்வதே நோயாளிகளின் வழக்கமாக இருந்தது. அவரோ, ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய பயிற்சியின் அளவை முன்னரே வரையறுத்தார். முதலில் எளிதில் முடியும் அளவே தரப்படும். பின்னர் அது சிறிது சிறிதாகக் கூட்டப்படும். அளவு முடிந்த பின்னரே ஓய்வு. முனகலைக் கண்டு இரங்குவதினும், முயற்சியைக் கண்டு பாராட்டுவதே நன்று என உறவினர்க்கும் அறிவுறுத்தப்பட்டது. ஓய்வு நோவின் பயனாக அமையாமல், முயற்சியின் பயனாக அமைந்தது.

இவ்வறிவு மருத்துவமனையோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், தொழிலாளர் இழப்பீட்டுக்குப் பொறுப்பான அமைப்பு 1997ஆம் ஆண்டில் தொலைக்காட்சி வாயிலாகப் பெரும் பிரசாரம் ஒன்றைத் தொடங்கியது. முதுகு நோவுற்றோர் படுக்கையில் கிடவாமல் இயன்றவரை இயங்க வேண்டும் என்பதே அதன் செய்தி. நாளடைவில் மக்களின் எண்ணமும் மருத்துவர்களின் எண்ணமும் மாறின. முதுகு நோவுக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன.

அடிபட்டவர் முதலில் மருத்துவரைக் காணுதல் வேண்டும். எலும்பு முறிவு, நரம்புக் கேடு போன்ற தீங்குகள் இல்லை எனத் தெளிந்த பின்னரே பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும். நோவு முற்றும் மறையாமற் போகலாம். எனினும், அது வாழ்வை ஆளாதவாறு தடுக்க இயலும். இதற்குத் தொழிலாளியின் மனவுறுதி மட்டும் போதாது. முதலாளி தொடக்கத்தில் இலேசான பணி தருதல் வேண்டும். தோழர்கள் அவர் சொல்லை நம்புதல் வேண்டும். நோவு இல்லை என்று மறைப்பது மனவலிமை ஆகாது. நோவு இருந்தும் இன்று பத்தடியும் நாளைப் பன்னிரண்டடியும் நடப்பதே மனவலிமை ஆகும்.