உப்பில்லாக் கீரையும் ஊர்க்கண்ணும்

வீட்டுக் கணக்கு - தொடர்

சென்ற இதழில் மாதச் சம்பளக்காரர் வீட்டு பட்ஜெட்டைப் பார்த்தோம். முதல் தேதி பணம் வரும், அன்றைக்கே சேமிப்பை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் செலவுக்கு வைத்துக்கொள்ளும் கணக்கு அது. அதே கணக்கை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் தாண்டி, புதுச்சேரிக்குப் போகும் வழியில் கடப்பாக்கத்தில் இறங்கினால், முதல் வரியிலேயே இடிக்கும். இங்கே பல வீடுகளுக்கு முதல் தேதி என்று ஒன்று கிடையாது.

குப்பத்து வீட்டுக்குப் பணம் கடலிலிருந்து வரவேண்டும். மீன்பாடு இருந்தால் அன்றைக்கே கரையில் ஏலம், டீசல் காசு போக படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் பங்கு. பாடு இல்லாவிட்டால் டீசல் காசும் கடன்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் புயல் எச்சரிக்கையும் வந்துவிட்டால் படகு மணலிலேயே கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். புதுச்சேரிச் சாலைக்கு மேற்கே போனால் வேறு கதை. மார்கழி, தையில் விதைத்த தர்பூசணிக்குப் பணம் வெயில் ஏறும்போதுதான் வரும். உப்பளத்து வேலை மழை தொடங்கியதும் நின்றுவிடும். சவுக்கு போட்டவருக்கோ நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் அறுவடை. அவர் தோப்பை வெட்டுகிறார் என்றால் வீட்டில் கல்யாணம் அல்லது காலேஜ் என்று ஊரே ஊகித்துவிடும்.

இப்படிக் கட்டிக் கட்டியாக வரும் பணத்துக்கு மாத பட்ஜெட் பொருந்தாது. வருஷ பட்ஜெட்தான் வேண்டும். இதைப் புரிந்துகொண்டு செய்த திட்டம் மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம். கடல் கொடுக்கும் மாதங்களில் மீனவர் சிறுகச் சிறுக 1,500 ரூபாய் கட்டுகிறார். அரசு 3,000 ரூபாய் சேர்க்கிறது. கடல் கொடுக்காத மாதங்களுக்கு 4,500 ரூபாயாகக் கைக்கு வருகிறது. மீனவப் பெண்களுக்கும் இதே போன்ற திட்டம் தனியாக உண்டு. தொகை சிறியதுதான், இந்த விலைவாசியில் ஒரு குடும்பத்தின் சாப்பாட்டுக்கே எத்தனை நாள் காணும்? ஆனால் ஒன்பது மாதம் மூன்று மாதத்துக்குச் சோறு போடவேண்டும் என்ற அதன் கணக்கு, கட்டிக் கட்டியாக வரவு பெறும் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

அரசுக் கணக்கு எட்டாத இடத்தில் ஏலச்சீட்டு நிற்கிறது. இருபது பேர், ஆளுக்கு ஆயிரம், இருபது மாதம் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுத்தொகை 20,000. ஒருவர் 4,000 தள்ளி எடுக்கிறார் என்றால் அவர் கைக்கு 16,000. தள்ளிய நாலாயிரத்தில் சீட்டு நடத்துபவர் 5 சதவீதக் கமிஷனாக 1,000 எடுத்துக்கொள்ள, மிச்சம் 3,000 இருபது பேருக்கும் பிரிந்து தலைக்கு 150. அந்த மாதம் எல்லோரும் 850 கட்டினால் போதும். முதலில் எடுப்பவருக்கு இது கடன், கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு. ஒரே நோட்டுக்குள் இரண்டும் நடக்கிறது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஃபீஸுக்காகத் தள்ளி எடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன், கந்துவட்டிக்கு அது எவ்வளவோ மேல். புது போனுக்காக நாலாயிரம் தள்ளுபவரிடம், அந்த போனின் விலையோடு நாலாயிரத்தையும் கூட்டிச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். சீட்டு பதிவு செய்ததா என்றும் கேட்டுவிடுங்கள். 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் இருப்பதே அதற்குத்தான். தீபாவளிக்குப் பலகாரமும் பட்டாசும் வெள்ளிக்காசும் தருவதாகச் சொல்லி மாதாமாதம் வசூலித்துவிட்டு, ஐப்பசியில் கடையைப் பூட்டியவர்கள் செய்தி நமக்குப் புதிதல்ல. பண்டிகைக்கு முன்கூட்டியே ஒதுக்கும் புத்தி நல்ல புத்திதான். அந்தப் பணத்தை மகளிர் குழுவிலோ வங்கித் தொடர் வைப்பிலோ போட்டுவிட்டு, பலகாரத்தை வீட்டில் சுட்டுக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது வரவைச் சமன் செய்யும் கதை. செலவுப் பக்கம் வந்தால், இந்த ஊரிலேயே நமக்கு ஒரு மூத்த சாட்சி இருக்கிறார். கடப்பாக்கம் இருப்பது இடைக்கழிநாடு பேரூராட்சியில். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய 269 அடிகளில், ஒரு பாணன் வீட்டு அடுக்களைக்குள் நம்மை அழைத்துப் போகிறார். கூரை இற்று விழுந்திருக்கிறது, சுவரில் கறையான் அரித்த மண்ணில் காளான் முளைத்திருக்கிறது, ஈன்ற நாய் குட்டிகளுக்குக் கொடுக்கப் பாலில்லாமல் குரைக்கிறது. பசியில் மெலிந்த பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து வேகவைக்கிறாள். போட உப்பில்லை. இந்தக் கரையில் உப்பு விளைந்தது, உப்பு வண்டிகள் ஊர் ஊராகப் போயின. அவள் வீட்டில் மட்டும் ஒரு கல் உப்பு இல்லை! சாப்பிடும்போது யாராவது பார்த்துப் புறம் பேசிவிடுவார்களோ என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

இந்தக் காட்சியைத் தமிழாசிரியர்கள் வறுமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். வீட்டுக் கணக்கு எழுதுகிற எனக்கு அந்தக் கதவுதான் கண்ணில் படுகிறது. ஊர்க்கண் என்பது வீட்டு பட்ஜெட்டில் எவ்வளவு பழைய தலைப்பு! இன்றைக்கு அந்தக் கண்ணுக்குப் பயந்து யாரும் கதவைச் சாத்துவதில்லை. கடன் வாங்கி அகலத் திறந்து வைக்கிறோம். மஞ்சள் நீராட்டுக்கு மண்டபம், காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ், கிரகப்பிரவேசத்துக்கு மூன்று வகை இனிப்பு. மொய் வரும் என்று நம்பிச் செலவு செய்கிறோம், வந்த மொய்யோ திருப்பிச் செய்யவேண்டிய கடனாக நோட்டில் உட்காருகிறது. ஒரு நாள் மண்டபத்துக்குப் போனதைச் சரிக்கட்டப் பல மாதம் காய்கறியிலும் பாலிலும் கை வைக்கிற வீடுகள் உண்டு. பார்வைக்குச் செலவு, வாய்க்குச் சிக்கனம். இது தலைகீழ்க் கணக்கு.

நத்தத்தனார் அந்தப் பெண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்கிறார்: அந்த உப்பில்லாக் கீரையையும் அவள் தனியே தின்னவில்லை, தன் பெரிய சுற்றத்தோடு பகிர்ந்துதான் உண்கிறாள். அதே பாட்டில் பாணர் போகும் வழியெல்லாம் விருந்து வருகிறது. எயிற்பட்டினத்தில், அதாவது மரக்காணம் பக்கம் என்று ஆய்வாளர் பலர் கருதும் துறைமுகத்தில், சுட்ட உலர்மீன். வேலூரில் புளி சேர்ந்த சூடான சோறு. ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு. எந்த ஊரில் எது கிடைக்கிறதோ அதுதான் அந்த ஊர் விருந்து.

இன்றைக்கும் இந்தக் கரையில் மலிவாக இன்பமாகச் சாப்பிட அதுவே வழி. வஞ்சிரத்தை சென்னைக்குப் போகவிடுங்கள். மத்தியும் நெத்திலியும் நிறைய விழுகிற நாளில் வாங்கிக் குழம்பு வைத்தால், மறுநாள் பழைய சோற்றுக்கு அந்தக் குழம்பை அடித்துக்கொள்ள எதுவுமில்லை. மலிந்தபோது வாங்கிய நெத்திலியை வெயிலில் காயவைத்துப் பானையில் போட்டுவைத்தால் மழைக்காலத்துக்கு அது ஒரு வைப்புநிதி. பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு, லாரி ஏறாத சின்னத் தர்பூசணி.

வெளியே போவதற்கும் இதே கணக்குத்தான். பக்கத்திலேயே ஆலம்பரைக் கோட்டை. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760-இல் ஆங்கிலேயர் இடித்துப் போட்டது. அதற்குள் ஒரு காலத்தில் நாணயச்சாலை இருந்தது. காசு அடித்த இடத்துக்குப் போய் அதிகம் காசு செலவழிக்காமல் திரும்புவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை; அது ஓடும் தடமாக இருந்தால் அம்மாவும் பெண்பிள்ளைகளும் அதில் ஏறி வரலாம், டிக்கெட் அப்பாவுக்கு மட்டும். புளிச்சோறு, வறுத்த நெத்திலி, விரித்து உட்கார ஒரு துண்டு, கழிமுகத்துக் காற்று.

ஒரு வருஷ நோட்டுப் போடுங்கள். பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு தமிழ் மாதம். வரவு வராத மாதங்களுக்கு மேலே சிவப்பில் கோடு. அடுத்து கட்டாயச் செலவு, கடன், சீட்டு. மண்டபச் செலவு எழுதும் இடம் வரும்போது, யார் பார்ப்பதற்காக இது என்று பக்கத்தில் பென்சிலால் பேரை எழுதுங்கள். பலமுறை அந்தப் பேரே செலவை அடித்துவிடும். புளிச்சோற்றுப் பயணத்துக்கு ஆகும் இருநூறு, முந்நூறை ‘இதர செலவு’ என்று கடைசியில் தள்ளாதீர்கள். கையில் பணம் குறையும்போது முதலில் அடிபடுவது அந்தத் தலைப்புதான். அரிசி, பருப்புக்கு அடுத்த வரியிலேயே, அதன் பேரைச் சொல்லி எழுதுங்கள்.