உங்களுக்குத் தெரியுமா? இந்தோனேசியாவில் உடம்பு சரியில்லை என்றால்…

‘சாக்கிட்’. இந்த ஒரு சொல் தெரிந்தால் இந்தோனேசிய மருந்துக்கடையில் பாதி வேலை முடிந்தது. நோய்க்கும் அதுதான், வலிக்கும் அதுதான். பின்னால் உறுப்பின் பெயரைச் சேருங்கள்: ‘சாக்கிட் கெப்பாலா’ தலைவலி, ‘சாக்கிட் பெருட்’ வயிற்றுவலி, ‘சாக்கிட் கிகி’ பல்வலி. உறுப்பின் பெயர் நினைவுக்கு வரவில்லையா? வலிக்கும் இடத்தில் கையை வைத்து ‘சாக்கிட் டி சினி’ என்றால் போதும்.

மருந்துக்கடைக்கு அங்கே ‘அப்போடெக்’ என்று பெயர். ‘அடா ஓபாட் பாத்துக், பு?’ என்று கேட்டால், “இருமல் மருந்து இருக்கிறதாம்மா?” என்று பொருள். கடையில் நிற்பவர் ஆண் என்றால் ‘பு’வுக்குப் பதில் ‘பாக்’. இந்த மரியாதைச் சொல்லை விட்டுவிடாதீர்கள்.

மலேசியத் தமிழர்களுக்கு இந்த மொழி பாதி தெரிந்ததுதான். ஆனால் ‘பூசிங்’ விஷயத்தில் கவனம். மலேசியாவில் அது சுற்றுவது, திரும்புவது, இந்தோனேசியாவில் தலைசுற்றல்.

மருந்து அட்டையில் இருக்கும் வட்டத்தைக் கவனித்ததுண்டா? பச்சை என்றால் யாரும் வாங்கலாம். நீலம் என்றாலும் சீட்டு வேண்டாம், ஆனால் ‘ஆவாஸ்!’ என்று தொடங்கும் எச்சரிக்கைக் கட்டம் இருக்கும், படித்துவிட்டுச் சாப்பிட வேண்டும். சிவப்பு வட்டத்துக்குள் ‘கே’ எழுத்து இருந்தால் மருத்துவர் சீட்டு கட்டாயம். சீட்டுக்குப் பெயர் ‘ரெசெப்’. ஆன்டிபயாடிக் மருந்துகள் இந்தச் சிவப்பு வகைதான்.

உறையில் ‘3 x 1’ என்றிருந்தால் நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஒன்று. ‘செபெலும் மக்கான்’ சாப்பாட்டுக்கு முன். ‘செசூடா மக்கான்’ சாப்பாட்டுக்குப் பின்.

மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் ‘சாயா அலெர்கி பெனிசிலின்’ என்பதுபோல மருந்தின் பெயரோடு சொல்லிப் பழகுங்கள்.

காய்ச்சல் ‘டெமாம்’. மருத்துவர் முதலில் கேட்பது ‘சூடா பெராப்பா ஹாரி?’, எத்தனை நாளாக என்று. இரண்டு நாள் என்றால் ‘டுவா ஹாரி’, மூன்று என்றால் ‘டிகா ஹாரி’. இந்தப் பதில் முக்கியம். அங்கே டெங்கு சகஜம். அதை ‘டெமாம் பெர்டாரா’ என்பார்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் தொடவே கூடாது, ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. பாராசிட்டமால் கேளுங்கள், அங்கும் கிட்டத்தட்ட அதே பெயர்தான்.

உடம்பு அசதி, குளிர், வயிற்று உப்புசம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அங்கே ஒரே பெயர், ‘மாசுக் அங்கின்’. உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டதாம். முதுகில் எண்ணெய் தடவி, நாணயத்தின் விளிம்பால் வரிவரியாகச் சுரண்டுவார்கள். இந்த வைத்தியம் ‘கெரோக்கான்’. யார் முதுகிலாவது சிவப்பு வரிகளைப் பார்த்தால் அடிபட்ட காயம் என்று பதற வேண்டாம்.

மாரடைப்பு வலியையும் காற்றின் கணக்கிலேயே எழுதி, ‘அங்கின் டூடுக்’ என்பவர்கள் அங்கே உண்டு. நம் ஊரில் “வாயுப் பிடிப்புதான்” என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பதும் இதே தவறுதான். நெஞ்சு வலித்தால் ‘சாக்கிட் டாடா’ என்று சொல்லுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் ‘செசாக் நாபாஸ்’. உடனே ‘ரூமா சாக்கிட்’, அதாவது மருத்துவமனை போக வேண்டும். இந்தோனேசியாவில் மருத்துவ அவசர உதவி எண் 119. புறப்படும் முன்பே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.