விஷ் யூ வேர் ஹியர் (பாடல்)

விஷ் யூ வேர் ஹியர் என்பது பிங்க் ஃபுளாய்ட் என்னும் இங்கிலாந்து ராக் இசைக்குழு 1975 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் வெளியிட்ட, அதே பெயர் கொண்ட இசைத்தொகுப்பின் நான்காவது பாடலாகும். இதனை ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மோர் ஆகிய இருவரும் ஆக்கினர். பாடல் வரிகள் வாட்டர்சுடையவை, பாடியவர் கில்மோர்.

தலைப்பு

"நீ இங்கே இருந்தால் நன்றாயிருக்குமே" என்பது தலைப்பின் பொருளாகும். வெளியூர் சென்ற ஆங்கிலேயர் வீட்டில் உள்ளோருக்கு அனுப்பும் பட அஞ்சலட்டைகளில் வழக்கமாக எழுதும் தொடர் இது. பெரிதும் சம்பிரதாயமாகவே எழுதப்படும் இத்தொடர், இப்பாடலில் உண்மையான ஏக்கமாகின்றது.

பின்னணி

குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரும் தொடக்ககாலப் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவருமான சிட் பாரெட், மனநலம் குன்றியதால் 1968 ஆம் ஆண்டில் குழுவிலிருந்து விலகினார். 1973 இல் வெளிவந்த த டார்க் சைட் ஆஃப் த மூன் என்னும் இசைத்தொகுப்பு பெரும் வெற்றி பெற்றது. அதன்பின் குழுவினரிடையே சோர்வும் ஒட்டாமையும் நிலவின. உடலால் ஒரே அறையில் இருந்தும் மனத்தால் விலகியிருந்த அந்நிலையே 1975 ஆம் ஆண்டுத் தொகுப்பின் கருப்பொருள் ஆயிற்று.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில், ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்த அபே ரோடு கலையகத்திற்குப் பாரெட் முன்னறிவிப்பின்றி வந்தார். உடல் பருத்து, தலையையும் புருவங்களையும் மழித்திருந்த அவரைப் பழைய நண்பர்களால் உடனே அடையாளம் காண இயலவில்லை.

பாடலின் பொருள்

பாடலின் முற்பகுதி வினாக்களால் ஆனது. மெய்யையும் போலியையும், இன்பத்தையும் துன்பத்தையும் பிரித்தறிய முடியுமா என்று அது கேட்கின்றது. அடுத்து, எதைக் கொடுத்து எதைப் பெற்றாய் என வினவுகின்றது. இறுதிப் பகுதியில் குற்றஞ்சாட்டும் தொனி மறைகின்றது. பாடுபவரும் தாம் விளித்தவருடன் சேர்ந்து வழி தவறியவர் ஆகின்றார்.

பாடலில் எவருடைய பெயரும் இல்லை. பாரெட்டை நினையாமல் இதனைப் பாட இயலாது என்று கில்மோர் கூறியுள்ளார். வாட்டர்சோ, இவ்வினாக்கள் தம்மை நோக்கியும் எழுப்பப்பட்டவை என்றார். ஆகவே "நீ" என்பது இழந்த நண்பரையும், தன் வாழ்வில் தானே முழுமையாக இல்லாத ஒருவரையும் குறிக்கக்கூடும். பாரெட்டைப் பற்றி அறியாதோரும் தம் வாழ்வின் பிரிவுகளை இப்பாடலில் காண்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

இசையமைப்பு

தொடக்கத்தில் வானொலியின் அலைவரிசைகள் மாறும் ஒலியும், அதனூடே மெலிதாகப் பன்னிரு தந்திக் கிட்டாரின் இசையும் கேட்கின்றன. பின்னர் மற்றொரு கிட்டார் அருகிலிருப்பது போலத் தெளிவாக இணைகின்றது. வானொலியைக் கேட்டுக்கொண்டே ஒருவர் தனியறையில் வாசிப்பது போன்ற இவ்வமைப்பு, சொற்கள் தொடங்குமுன்னரே தனிமையை உணர்த்துகின்றது. முடிவில் காற்றின் ஓசை பாடலை மூடுகின்றது.

பிற்காலம்

2005 ஜூலை 2 அன்று இலண்டன் ஹைட் பூங்காவில் நடைபெற்ற லைவ் 8 நிகழ்ச்சியில் வாட்டர்ஸ், கில்மோர், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் ஆகிய நால்வரும் 24 ஆண்டுகளுக்குப் பின் ஒன்றாக மேடையேறினர். அங்கு இல்லாத அனைவருக்கும், சிறப்பாகப் பாரெட்டுக்கும் இப்பாடலை வாட்டர்ஸ் உரித்தாக்கினார். பாரெட் 2006 ஜூலை 7 அன்று காலமானார். ரைட் 2008 செப்டெம்பரில் மறைந்தார்.