தனியாகப் பயணம் புறப்படும் பெண்கள்: அறிந்திருக்க வேண்டிய விதிகளும் வசதிகளும்

புது தில்லி: நேர்முகத் தேர்வு, உயர்கல்வி, கோயில் வழிபாடு, சுற்றுலா என எந்தக் காரணத்துக்காக ஒரு பெண் தனியாக வெளியூர் புறப்பட்டாலும், பயணச்சீட்டை முன்பதிவு செய்யும் முன்னரே வீட்டாரின் சம்மதத்தைப் பெற வேண்டிய நிலை நாட்டின் பல பகுதிகளில் நீடிக்கிறது.

2019-21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 42 சதவீதத்தினர் மட்டுமே சந்தை, மருத்துவமனை, ஊருக்கு வெளியே உள்ள இடங்கள் ஆகிய மூன்றுக்கும் தனியாகச் செல்ல அனுமதிக்கப்படுகின்றனர். 2015-16-இல் நடந்த முந்தைய ஆய்வில் இது 41 சதவீதமாக இருந்தது.

எனவே, பழகிய சூழலை விட்டு முதன்முறையாகத் தனியே வெளியேறுவதற்குத் துணிச்சல் மட்டும் போதாது. வழியில் இடையூறு நேரிட்டால் யாரை அணுகுவது, சட்டம் என்ன சொல்கிறது என்பவை தெரிந்திருந்தால் பயணிப்பவரின் தயக்கமும் வீட்டாரின் அச்சமும் ஒருசேரக் குறையும்.

ரயிலில் என்னென்ன வசதிகள்?

நீண்டதூர மெயில், விரைவு ரயில்களின் ஸ்லீப்பர் வகுப்பில் 6 படுக்கைகள் பெண்களுக்கென ஒதுக்கப்படுகின்றன. ராஜதானி, துரந்தோ, கரீப் ரத் உள்ளிட்ட முழுவதும் குளிரூட்டப்பட்ட ரயில்களின் மூன்றடுக்கு ஏ.சி. வகுப்பிலும் 6 படுக்கைகள் உள்ளன. தனியாகவோ குழுவாகவோ செல்லும் எந்த வயதுப் பெண்ணும் இவற்றைக் கோரலாம். இணையத்தில் முன்பதிவு செய்யும்போது, பொதுப் பிரிவுக்குப் பதிலாக 'லேடீஸ்' பிரிவைத் தேர்வு செய்ய வேண்டும். மூத்த குடிமக்களுடன், 45 வயது நிரம்பிய பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கீழ்ப்படுக்கையில் தனி ஒதுக்கீடு உண்டு.

2020 அக்டோபரில் அனைத்து ரயில்வே மண்டலங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்ட 'மேரி சஹேலி' (என் தோழி) திட்டத்தின் கீழ், ரயில் புறப்படும் நிலையத்தில் ரயில்வே பாதுகாப்புப் படையின் பெண் காவலர்கள், தனியாகச் செல்லும் பெண்களைச் சந்தித்துப் பேசுகின்றனர். அவர்களின் இருக்கை எண்கள் மட்டும் குறித்துக்கொள்ளப்பட்டு, வழியில் உள்ள நிலையங்களுக்குத் தெரிவிக்கப்படுகின்றன. அங்கு பணியிலிருக்கும் காவலர்கள் அந்தப் பெட்டிகளைக் கண்காணிக்கின்றனர். சேருமிடத்தில் பயணிகளின் கருத்து கேட்கப்படுகிறது.

பயணச்சீட்டு இல்லாவிட்டால்?

பலரும் அறியாத பாதுகாப்பு ஒன்று ரயில்வே சட்டம், 1989-இன் 139-ஆவது பிரிவில் உள்ளது. உரிய பயணச்சீட்டு இல்லாமல் தனியாகப் பயணிக்கும் பெண்ணை, கண்ட இடத்தில் ரயிலை விட்டு இறக்கிவிட முடியாது. அவர் பயணத்தைத் தொடங்கிய நிலையம், சந்திப்பு நிலையம், இறுதி நிலையம் அல்லது மாவட்டத் தலைநகரில் உள்ள நிலையம் ஆகியவற்றில், அதுவும் பகல் நேரத்தில் மட்டுமே இறக்க முடியும். இதனால் கட்டணமோ அபராதமோ தள்ளுபடியாகாது. எனினும், நள்ளிரவில் ஆளில்லாத நிலையத்தில் நிற்க நேரிடாது.

புகார் அளிப்பது எப்படி?

ஓடும் ரயிலில் உதவி தேவைப்பட்டால் 139 என்ற எண்ணையும், மற்ற இடங்களில் அவசர உதவிக்கு 112-ஐயும், பெண்களுக்கான உதவிக்கு 181-ஐயும் அழைக்கலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 1363 என்ற எண்ணில் இந்தி, ஆங்கிலம் உள்ளிட்ட 12 மொழிகளில் 24 மணி நேரமும் தகவல் பெறலாம்.

குற்றம் எந்த எல்லையில் நடந்தது என்பது தெரியாததால் புகார் அளிக்கத் தயங்குவோர் உண்டு. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, சம்பவம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். 'பூஜ்ய எஃப்ஐஆர்' எனப்படும் இந்நடைமுறை, வெளியூர்ப் பயணிகளுக்குப் பெரிதும் பயன்படக்கூடியது.

செலவு என்னும் தடை

துணைக்கு ஒருவரை அழைத்துச் சென்றால் செலவு இரட்டிப்பாகிறது. தனியாகச் செல்வதற்கும் கையில் பணம் வேண்டும். தில்லியில் 2019 முதல் நகரப் பேருந்துகளிலும், தமிழகத்தில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளிலும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிமுகமானது. 2023 ஜூனில் தொடங்கிய கர்நாடகத்தின் 'சக்தி' திட்டம், சொகுசு அல்லாத பேருந்துகளில் மாநிலம் முழுவதும் செல்ல வழிசெய்தது. அதைத் தொடர்ந்து தர்மஸ்தலா போன்ற கோயில் நகரங்களில் பெண் பயணிகளின் கூட்டம் பெருகியது.

படிப்படியாகத் தொடங்கலாம்

முதல் பயணத்தை, மொழி தெரிந்த பகுதிக்குக் காலையில் சென்று மாலையில் திரும்புவதாக அமைத்துக்கொள்ளலாம். அடுத்து ஓர் இரவு ரயில் பயணம், அதன்பின் மொழி தெரியாத மாநிலம் எனத் தொலைவை நீட்டிக்கலாம். புதிய ஊரை வெளிச்சம் இருக்கும்போதே சென்றடையும் ரயிலைத் தேர்வு செய்வது நல்லது. தங்குமிடத்தின் முகவரி, ரயில் எண், பி.என்.ஆர். எண் ஆகியவற்றை வீட்டாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, அழைக்கும் நேரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம்.

இவை முன்னெச்சரிக்கைகள் மட்டுமே. இவற்றில் ஒன்றைப் பின்பற்றத் தவறியதற்காக, நேர்ந்த குற்றத்துக்குப் பயணித்த பெண்ணைப் பொறுப்பாக்க முடியாது. விளக்கு எரியும் நடைமேடை, தூய்மையான கழிப்பறை, அழைத்தவுடன் வரும் காவலர் ஆகியவற்றை உறுதிசெய்யும் கடமை அரசுக்கும் ரயில்வேக்கும் உரியது.